பாஸ் ஆன தண்ணீர்

எனக்கு வந்த நோயைப் பற்றி மொரப்பூர் சுற்றுவட்டாரத்தில் மூன்று கதைகள் உலவுகின்றன. ஒன்று, பூங்கொடிக்குச் சர்க்கரை முற்றிக் கால் போய்விட்டது. இரண்டு, ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டிச் சம்பாதிக்கிற பொம்பளை என்று பொறாமைப்பட்டு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். மூன்றாவதுதான் அதிகம் ஓடிய கதை: மாமியார் சோற்றில் விஷம் வைத்துவிட்டாள். மூன்றும் பொய். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டுபோகிறது.

எங்கள் வீட்டில் நானும் மாமியார் சின்னப்பாப்பாவும்தான். வீட்டுக்காரர் மாதேஷுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. சனிக்கிழமை இரவு வருவார், திங்கட்கிழமை விடியும் முன் பஸ் ஏறிவிடுவார். நான் ரயில் வரும் நேரம் பார்த்து ஸ்டேஷனுக்குப் போய், இறங்குகிறவர்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் விடுவேன். அந்த வரிசையில் பெண் ஓட்டுகிற வண்டி என்னுடையது ஒன்றுதான்.

ஒருநாள் தக்காளிக் கூடையோடு ஏறிய ஒரு பெண் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள்.

“யக்கா, வண்டிய நிறுத்துங்க. உங்க செருப்பு அங்கியே ரோட்ல வுழுந்து கெடக்குது.”

குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்காலாகப் பிரேக் மேல் இருந்தது. செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. இறங்கிப் போய் எடுத்து மாட்டிக்கொண்டு, சிரித்து மழுப்பிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அதற்கு முன்பே உடம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பாதம் இரண்டும் பஞ்சு சுற்றி வைத்த மாதிரி மரத்திருக்கும். படுத்தால் மட்டும் எரியும். உள்ளங்கையில் சின்னச் சின்னதாக ஆணி மாதிரி தடித்திருந்தது. கிளட்ச் பிடித்துக் காய்த்துப்போனது என்று நினைத்தேன். மார்பிலும் முதுகிலும் புழுதியில் தூறல் விழுந்தது போலப் புள்ளி புள்ளியாகக் கறுப்பும் வெளுப்பும். வெயில் என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனபோது முதலில் சர்க்கரைதான் பார்த்தார். இல்லை. சர்க்கரை இல்லை என்று கேட்டு ஏமாந்துபோன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இருந்திருந்தால் ஒரு மாத்திரையோடு தொல்லை தீர்ந்திருக்குமே! நரம்புக்குச் சத்து ஊசி போட்டார். ஊசி போட்ட இடம் வலித்தது, கால் அப்படியேதான் இருந்தது.

பிறகு ரயில்வே கேட். கேட் சாத்தியிருந்தது, முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. பிரேக்கை மிதித்தேன். மிதித்ததாக நினைத்தேன். கால் பிரேக்குக்குப் பக்கத்துத் தகரத்தை மிதித்துக்கொண்டிருந்தது. ஹேண்டிலைத் திருப்பி ஓரத்தில் கொட்டியிருந்த மணலில் கொண்டுபோய்ச் செருகினேன். ஏறியிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மட்டும் பயந்து அழுதது. அந்த அழுகை எனக்குப் போதும். அந்த வாரம் மாதேஷ் வந்ததும் சாவியைக் கையில் கொடுத்துவிட்டேன்.

எனக்கு நோயின் பெயர்கூட அப்போது முக்கியமாகப் படவில்லை. பிரேக்கைத் திரும்ப மிதிக்க முடியுமா என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது. எனக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்த வண்டியில்தான் இருந்தது. வண்டி இல்லாமல் வீட்டில் உட்கார வேண்டும் என்று நினைத்தபோது, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன்.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே காத்திருப்பதுதான் முதல் வைத்தியம். ரத்தம் கொடுக்க ஒரு பெஞ்சு, டாக்டரைப் பார்க்க ஒரு பெஞ்சு, ரிப்போர்ட் வாங்க ஒரு பெஞ்சு. பெஞ்சு மாறும்போதெல்லாம் புதிதாக ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து என் நோயைத் தான் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லுவார். நரம்பு சோதனை என்று ஒரு அறை. காலில் ஒரு இடத்தில் சின்னதாகக் கரண்ட் வைத்து, இன்னொரு இடத்தில் அது எவ்வளவு வேகத்தில் வந்து சேர்கிறது என்று திரையில் பார்க்கிறார்கள். முழங்காலுக்கு மேல் வைத்தபோது துள்ளினேன். பாதத்தில் வைத்தபோது, “எப்ப வெப்பீங்க?” என்று கேட்டேன். வைத்து எடுத்துவிட்டார்களாம்.

டாக்டர் அம்மா என் உள்ளங்கையைத் தடவித் தடவிப் பார்த்தார். எந்த ஊர், என்ன வேலை, நாட்டு மருந்து, பஸ்பம் ஏதாவது சாப்பிடுவதுண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, “தண்ணி எங்க குடிக்கிறீங்க?” என்றார்.

“எங்க போர் தண்ணிதாங்க. டெஸ்ட் பண்ணிப் பாஸ் ஆன தண்ணிங்க” என்றேன் பெருமையாக.

அந்தப் பெருமைக்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் ஃப்ளோரைடு. பல்லில் காவி ஏறுவதும் முட்டி மடங்காமல் போவதும் இங்கே குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் ஒகேனக்கல் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். ஊரே அதைப் பிடித்துக் குடிக்கிறது. மாதேஷுக்கு மட்டும் சொந்தத் தண்ணீர் மேல் ஆசை. ஐந்தாறு வருஷத்துக்கு முன் வற்றிக்கொண்டிருந்த எங்கள் போரைச் சுற்றி ஒரு பெரிய குழி வெட்டி, குழாயில் துளைகள் போட்டு வலை சுற்றி, குழியைக் கல்லால் நிரப்பி, மழைத் தண்ணீர் முழுவதும் அதற்குள் இறங்குகிற மாதிரி செய்தார். இரண்டு மழையில் போர் ஊறியது. தண்ணீரைக் கொண்டுபோய்ச் சோதித்தால் ஃப்ளோரைடு இறங்கிவிட்டிருந்தது. அன்று தெருவுக்கே லட்டு கொடுத்தோம். தண்ணீர் பாஸ் ஆனதற்கு லட்டு கொடுத்த குடும்பம் இந்த ஜில்லாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீர்ப் பக்கம் நாங்கள் திரும்பவில்லை.

டாக்டர் அம்மா என்னைச் சேர்த்துக்கொண்டு, சிறுநீரை வெளியூர் லேபுக்கு அனுப்பினார். அதற்கு முன் சில நாள் மீன் தொடக் கூடாதாம். மீனில் இருக்கிற ஏதோ ஒன்று சோதனையைக் குழப்பிவிடுமாம். நான் மீனே சாப்பிடாதவள். இருந்தும் கூடாது என்று சொன்ன நாளிலிருந்து மீன் குழம்பு ஞாபகமாகவே இருந்தது.

வார்டில் இரவுகள் நீளம். கால் எரிய எரியக் கண்ணை மூடிக்கொண்டு, மொரப்பூரிலிருந்து எங்கள் ஊர் வரை மனசிலேயே வண்டி ஓட்டுவேன். எந்தத் திருப்பத்தில் எங்கே மிதிக்க வேண்டும் என்று காலுக்குச் சொல்லிக் கொடுப்பேன். கால் கேட்கவில்லை.

ரிப்போர்ட் வந்தது. ஆர்சனிக். டாக்டர் அம்மா புரியும்படி சொல்ல வேண்டுமென்று, “பாஷாணம்னு சொல்லுவாங்கல்ல, அதுதாங்க” என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் என் அண்ணன் முருகேசன் நின்றிருந்தான். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம், யோசனை கொஞ்சம் குட்டை.

“பாஷாணமா? ஆக்கிப் போடறது யாருங்க? வூட்ல வேற யார் இருக்கா? அந்தம்மாதானே!” என்று வார்டே திரும்பும்படி கத்தினான்.

அந்த நேரம் பார்த்து என் மாமியார் தூக்குப்போசியோடு வாசலில் வந்து நின்றார். காலை ரயிலில் எனக்காகக் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்திருந்தார். நஞ்சு என்றால் ஆஸ்பத்திரிக்காரர்கள் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. ரிப்போர்ட் வந்ததுமே சொல்லிவிட்டதால் ஒரு போலீஸ்காரரும் வந்து நின்றிருந்தார். மாமியார் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போசியைத் திறந்து, களியைக் கீரையில் தொட்டுத் தொட்டு அத்தனையையும் தின்று முடித்தார். போசியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

“டாக்டரம்மா, எம் மூத்தரத்தையும் எடுத்துப் பாருங்க. வெசம் வெச்சவ நானா இருந்தா எனக்கு இருக்காது. முருகேசா, நீ எங்கயும் போயிராத. முடிவு வர்ற வரைக்கும் நீயும் இங்கியே கெட.”

எனக்கு ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை. அன்று மதியம் கேண்டீன் இட்லிதான். ஆனால் அந்தக் கணத்தில் அவர் என் மாமியார் என்பதில் எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, அதை இன்று வரை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

மாதேஷுக்கும் சேர்த்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று போலீஸ்காரரும் திரும்ப வந்திருந்தார். மாமியாருக்கும் ஆர்சனிக் இருந்தது. எனக்கு இருந்ததைவிடக் குறைவு, ஆனால் நிறையத்தான். வாரத்துக்கு ஒருநாள் வீட்டில் தங்குகிற மாதேஷுக்குச் சொற்பம். டாக்டர் அம்மா சொல்லி முடிக்கும் முன்பே மாமியார் எழுந்து நின்றார்.

“பாத்தியாடா முருகேசா! எனக்கும் வெசந்தான்!”

பரிசு வாங்கினவர் மாதிரி சொன்னார். போலீஸ்காரர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் தரையைப் பார்த்தான்.

டாக்டர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “ஒரே வூட்ல ரெண்டு பேருக்கும் இருக்குது. நாளெல்லாம் வெயில்ல சுத்தி லிட்டர் கணக்கா தண்ணி குடிக்கிறவங்களுக்கு அதிகம். வந்து போறவருக்குக் கம்மி. உங்க தண்ணிய டெஸ்ட் பண்ணதா சொன்னீங்களே, என்னென்ன பாத்தாங்க?”

“ஃப்ளோரைடுங்க” என்றார் மாதேஷ்.

“வேற?”

மாதேஷ் குழம்பிப்போய்க் கேட்டார்: “வேற என்னாங்க இருக்குது தண்ணியில பாக்கறதுக்கு?”

இந்தக் கேள்வியை எங்கள் ஜில்லாவில் யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். அன்றே அந்தத் தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர் அம்மா. “மொத மருந்து அதுதாங்க. நான் குடுக்கறதெல்லாம் ரெண்டாவது.” ரத்தத்தில் திரிகிற நஞ்சைப் பிடித்துச் சிறுநீரில் தள்ளுவதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார். அழுகின முட்டை வாசம். நரம்பு திரும்ப வளருமா என்று கேட்டேன். “வளரும். மெதுவா வளரும். முழுசா வளருமான்னு இப்ப சொல்ல முடியாதுங்க” என்றார். பொய் சொல்லாததற்காக அவர் மேல் கோபமும் வந்தது, நம்பிக்கையும் வந்தது.

நான் வீடு திரும்பிய பிறகு, தண்ணீர் ஆய்வுக்காரர்களோடு நிலவியல் சொல்லிக் கொடுக்கும் ரேவதி என்ற ஆசிரியை வந்தார். பக்கத்துக் கிணறுகளிலெல்லாம் தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள். எங்கள் போரில் மட்டும்தான் ஆர்சனிக் எக்கச்சக்கம். ரேவதி போரைச் சுற்றி வந்து, குழியின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த கல்லில் ஒன்றைக் கையில் எடுத்தார்.

“இந்தக் கல்லு எங்கிருந்து கொண்டாந்தீங்க?”

“கரட்டுப் பக்கம் சொரங்க மேடுங்க. ஒடைக்கிற வேலையில்ல, சும்மா கெடக்குது. டிராக்டர்ல ரெண்டு நடை அடிச்சேன்” என்றார் மாதேஷ், இன்னும் பெருமை மிச்சமிருந்த குரலில்.

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. அதன் அடியில் எந்தக் காலத்திலோ யாரோ ஏதோ உலோகம் தேடித் தோண்டிவிட்டு, கிடைக்காமல் விட்டுப்போன குழி இருக்கிறது. தோண்டிக் கொட்டிய கல்லும் மண்ணும் மேடாகக் கிடக்கும். மழையிலும் வெயிலிலும் கிடந்து மஞ்சளும் செம்மையுமாகப் பூத்துப்போன கல்.

ரேவதி அதைத் தரையில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். வெளியே துரு. உள்ளே வெள்ளி மாதிரி மினுக்கிற பொட்டுகள். மாமியார் மூக்கைச் சுளித்தார்.

“என்னாம்மா இது, பூண்டு ஒரிச்ச மாதிரி வாசம்?”

“ஆர்சனிக் இருக்கற கல்லை அடிச்சா அந்த வாசம் வருங்க” என்றார் ரேவதி. பிறகு எங்களுக்கு விளங்கும்படி சொன்னார். அந்த மினுக்கிற பொட்டில் இரும்பு, கந்தகம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்திருக்கிறது. மலைக்குள் இருக்கும் வரை அது சும்மா கிடக்கும். உடைத்து வெளியே போட்டால் காற்றும் மழையும் பட்டுத் துருப்பிடிக்கும். அப்போது ஆர்சனிக் கல்லை விட்டு வெளியே வரும். வந்தது முழுவதும் ஓடிவிடாது, பெரும்பகுதி அந்தத் துருவிலேயே ஒட்டிக்கொள்ளும். காய்ந்த மேட்டில் அப்படி ஒட்டிக்கொண்டிருந்ததைத்தான் நாங்கள் வாரிக்கொண்டு வந்து குழியில் போட்டு, தண்ணீரை நிறுத்தி வைத்தோம். மேலே இருக்கும் புங்கமரத்து இலை உதிர்ந்து உள்ளே மக்கியது. மக்குகிற இலை தண்ணீரில் இருக்கும் காற்றைத் தின்றுவிடும். காற்று இல்லாவிட்டால் துரு கரையும். துரு கரைந்தால் அது பிடித்து வைத்திருந்த ஆர்சனிக் தண்ணீரில் இறங்கிவிடும். கீழேயே போர்க் குழாய், அதில் நாங்களே போட்ட துளைகள்.

“மழைத் தண்ணி சேந்ததால ஃப்ளோரைடு கொறஞ்சது நெசந்தாங்க. உங்க டெஸ்ட் தப்பில்ல” என்றார் ரேவதி, ஆறுதலாக.

மாதேஷ் குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். “நானே ஊத்திக் குடுத்திருக்கறேன்” என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ரெண்டு நடைக்கு ஜல்லி வாங்கிப் போட்டிருந்தால் என் கால் காலாக இருந்திருக்குமே என்று கத்தினேன். கத்தி முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தக் குழியை வெட்டும்போது மண்வெட்டி பிடித்துக் கை கொப்பளித்துப் போனது அவருக்குத்தான். வற்றின போரில் பொண்டாட்டி தண்ணீருக்கு அலையக் கூடாது என்றுதான் வெட்டினார். கோபம் போகவில்லை, ஆனால் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் போர் ஊறியதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்துப் போருக்கும் அதேபோல் குழி வெட்டி, அதே மேட்டிலிருந்து ஒரு டிராக்டர் கல் கொண்டுவந்து, இன்னும் குழிக்குள் போடாமல் பக்கத்தில் கொட்டி வைத்திருந்தார்கள். ரேவதி சொன்ன அன்றே அது அங்கிருந்து கிளம்பியது. பிள்ளைகள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. இதைக் கேட்டபோது என் காலுக்குக் கொஞ்சம் அர்த்தம் கிடைத்தது போல இருந்தது. எங்கள் குழியின் கல்லை எங்கேயோ கொட்டிவிடாமல், அதிகாரிகள் சொன்னபடி தார்ப்பாய் விரித்து அள்ளிக் கொடுத்தார் மாதேஷ். மேட்டைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு காத்திருப்பு. உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தவர், கண்ணை மூடிக்கொண்டு விரலால் பொருளைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வீட்டில் அதை மாமியார் எடுத்துக்கொண்டார். என் கையில் எதையாவது வைத்து, “இது என்ன?” என்பார். கொள்ளு வைத்தால் துவரை என்பேன். “தூ, இதுகூடத் தெரியாம எப்பிடிடி இத்தன வருசம் கொழம்பு வெச்ச?” என்று அலுத்துக்கொண்டு அடுத்ததை வைப்பார். அவருக்கும் அதே மாத்திரைதான். இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே விழுங்குவோம்.

அண்ணன் ஒரு பட்டுப்புடவையோடு மாமியார் காலில் விழ வந்தான். “பொடவ வேணாம். தெனமும் ரெண்டு கொடம் ஒகேனக்கல் தண்ணி கொண்டாந்து ஊத்திட்டுப் போ. எங்களுக்கு உடம்பு தேர்ற வரைக்கும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வாயாடி முருகேசன் டிவிஎஸ் வண்டியில் இரண்டு பக்கமும் குடம் கட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கத் தெருப் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஒருநாள்கூட அவன் தவறியதில்லை.

உள்ளங்கைத் தடிப்பு மெல்ல இளகியது. எரிச்சல் குறைந்தது. மரத்துப்போனது மட்டும் அசையவில்லை. மழை பெய்து ஓய்ந்து, களத்து ஓரமெல்லாம் நெருஞ்சி பூத்திருந்த ஒரு காலையில் துணி காயப்போடப் போனேன். வலது காலில் சுருக்கென்றது. “ஐயோ!” என்று அலறினேன். மாமியார் பதறி ஓடிவந்தார்.

“முள்ளுங்க அத்தை! நெருஞ்சி முள்ளு! குத்துது!” என்று குதித்தேன். அவர் குனிந்து பிடுங்க வந்தார். “இருங்க, இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டும்” என்றேன். பாதத்தைத் தூக்கிப் பிடித்தபடி அழுதேன். வலிக்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

அதன்பின் உணர்வு பாதத்திலிருந்து விரல்களுக்கு மெல்ல இறங்கி வந்தது. கடைசியாகச் செய்த நரம்பு சோதனையில் பாதத்தில் கரண்ட் வைத்ததும் துள்ளினேன். டாக்டர் அம்மா கைதட்டினார். கால் சுண்டுவிரல் இரண்டும் இன்னும் கொஞ்சம் மந்தம்தான். தோலுக்காக வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும், ஆர்சனிக் பின்னாளில் புற்றுநோயாகத் தலைகாட்டக்கூடும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். சரி என்றேன். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். “காலைக் குனிஞ்சு பாக்காம பிரேக் எங்க இருக்குதுன்னு தெரிஞ்சா ஓட்டுங்க. ஆள் ஏத்தறதுக்கு முன்னாடி காலியான எடத்துல ஓட்டிப் பாருங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, வற்றிக் கிடந்த ஏரிக்கு வண்டியைக் கொண்டுபோனார் மாதேஷ். ஆள் ஏற்றக் கூடாது என்று சொல்லியும் மாமியார் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். மாதேஷ் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, ஏரிக்குள் நடந்துபோய் நடுவில் நின்றார்.

“என்னங்க பண்றீங்க, தள்ளுங்க!”

“வா. எம் முன்னால வந்து நிறுத்து” என்றார். “நான் நவுர மாட்டேன்.”

“பைத்தியமா உங்களுக்கு?”

“நீ நிறுத்துவ. வா.”

கிளம்பினேன். கியர் மாற்றினேன். தூரம் குறைந்துகொண்டே வந்தது. காலைப் பார்க்கக் கூடாது என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வலது காலை நகர்த்தினேன். பிரேக்கின் தேய்ந்த ரப்பர் பாதத்துக்கு அடியில் வந்தது. அதன் வரிகூடத் தெரிந்தது. மிதித்தேன். முதலில் மெத்தென்று இறங்கி, பிறகு கெட்டியாகி, நான் கேட்ட அளவுக்கு வண்டியைப் பிடித்து நிறுத்தியது. அவர் வேட்டியில் முன் சக்கரத்துப் புழுதி மட்டும் பட்டது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. “நின்னுட்டியா?” என்றார்.

“நின்னுட்டேங்க” என்றேன்.

பின்னாலிருந்து மாமியார் சொன்னார்: “இன்னுங் கொஞ்சம் கிட்ட போயிருக்கலாம். சரி, வண்டிய ஸ்டேசனுக்கு வுடு. ரயில் வர்ற நேரமாச்சு.”